கையொப்பத்தின் விலை: திருப்பதியிலிருந்து ஒரு மின்கொள்முதல் வரலாறு

திருமலையில் பக்தர்களுக்கு அன்றாடம் உணவளிக்கும் அன்னதானத் திட்டம் 1985இல், என். டி. ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்டது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2002இல், அந்தச் சமையற்கூடத்திற்கு வேண்டிய நீராவியைச் சூரிய வெப்பத்தைக் கொண்டு உண்டாக்கும் ஏற்பாட்டைத் தேவஸ்தானம் நிறுவியது. 106 குவியாடிகள், நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு டன் நீராவி, 15,000 பேருக்கான சமையல். செலவு ஏறத்தாழ 1.1 கோடி ரூபாய். அதில் ஒரு பகுதியை மத்திய அரசின் மரபுசாரா எரிசக்தி அமைச்சகம் மானியமாகத் தந்தது. ஆண்டுக்கு 1.18 லட்சம் லிட்டர் டீசல் மிச்சமாகும் என்று கணக்கிட்டார்கள். உலகிலேயே பெரிய சூரிய நீராவிச் சமையல் அமைப்பு என்று அந்நாளில் அது பேசப்பட்டது.

இந்த ஏற்பாட்டில் பொருளாதார வரலாற்று மாணவர் ஒருவர் கவனிக்க வேண்டியது குவியாடிகளின் எண்ணிக்கையைவிட அதன் உடைமை முறையைத்தான். ஆடிகள் தேவஸ்தானத்தினுடையவை, நீராவியும் அதற்கே, மிச்சமான டீசலின் விலையும் அதன் கணக்கிலேயே சேர்ந்தது. விற்பவர், வாங்குபவர் என இரு தரப்புகள் இல்லாததால் ஒரு கிலோ நீராவிக்கு என்ன விலை என்ற கேள்வி எழவில்லை. கேள்வி எழாத இடத்தில் வழக்கும் எழவில்லை.

மலையிலிருந்து இறங்கித் திருச்சானூர் சாலைக்கு வந்தால் நிலைமை வேறு. ஆந்திரப் பிரதேசத் தெற்கு மின்பகிர்மான நிறுவனத்தின் தலைமையகம் அங்கே இருக்கிறது. ராயலசீமையின் காற்றாலைகளும் சூரியமின் நிலையங்களும் ஆக்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியை, 25 ஆண்டுக் காலத்திற்கு, குறித்த விலைக்கு வாங்கிக்கொள்வதாகக் கையொப்பமிட்ட நிறுவனம் இதுவே. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் காற்றாலைகள் சொற்பம். காற்று அனந்தபுரத்திலும் கர்நூலிலும் கடப்பையிலும் வீசுகிறது. ஆனால் அந்தக் காற்றுக்கு உரிய பணம் திருப்பதியிலிருந்தே போக வேண்டும். மும்பை வங்கிகளும் ஜப்பானிய, கனடிய முதலீட்டாளர்களும் ஆந்திரத்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பற்றிக் கேட்ட முதற்கேள்வி, காற்றின் வேகத்தைப் பற்றியதன்று. இந்த அலுவலகம் தன் சொல்லைக் காக்குமா என்பதே அந்தக் கேள்வி.

சொல்லுக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். அனல்மின் நிலையத்திற்கு அன்றாடம் நிலக்கரி வேண்டும். அதன் செலவில் பெரும்பங்கு ஓடும்போது ஏற்படுவது. சூரியமின் நிலையத்திற்கோ எரிபொருள் இல்லை. ஏறத்தாழ முழுச் செலவும் முதல்நாளே செய்யப்பட்டுவிடும், அதுவும் பெரும்பாலும் கடன் வாங்கி. ஒரு மெகாவாட் நிலையம் ஐந்து கோடி ரூபாயில் கட்டப்பட்டதாகவும் அதில் மூன்றரைக் கோடி கடன் என்றும் வைத்துக்கொள்வோம். ராயலசீமை வெயிலில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 16.5 லட்சம் யூனிட் தரும். வட்டி விகிதம் ஒரு சதவீதம் உயர்ந்தால் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கூடுதல். யூனிட்டுக்கு 21 காசு. வாங்குபவர் காலத்தே பணம் தருவாரா என்ற ஐயம் வந்ததும் வங்கி வட்டியை உயர்த்துகிறது. அந்த ஐயமே விலையாக மாறி மின்கட்டணத்தில் அமர்ந்துவிடுகிறது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் நிகழ்வுகள் எளிதில் விளங்கும்.

சித்தூர் மாவட்டம் 1911இல் சென்னை மாகாணத்தில் உருவானது. வட ஆற்காட்டின் பகுதிகளும் அதில் சேர்ந்தன. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960இல் திருத்தணி மட்டும் சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. அந்த மாகாணத்தின் மின்சார மரபு அரசுடைமை மரபு. பைக்காராவும் மேட்டூரும் அரசே கடன் வாங்கிக் கட்டியவை, விற்பதும் அரசே. சுதந்திரத்திற்குப் பின் மாநில மின்சார வாரியங்கள் அதே வழியில் நடந்தன. தனியாரிடம் நீண்டகால விலைக்கு மின்சாரம் வாங்குவது என்ற வழக்கம் 1990களுக்கு முன் பெரிய அளவில் இல்லை. எனவே அத்தகைய ஒப்பந்தத்தை எழுதவும் காக்கவும் பழகிய நிறுவன நினைவும் வாரியங்களுக்கு இல்லை.

1991க்குப் பின் அந்நிலை மாறியது. மரபுசாரா ஆற்றலுக்கு மத்திய அமைச்சகம் ஒரு விலைச் சூத்திரத்தை வகுத்தது: 1994-95ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், ஆண்டுதோறும் ஐந்து சதவீத உயர்வு. ஆந்திர அரசு 1997, 1998 அரசாணைகளின் வழி இதை ஏற்றது. கரும்புச் சக்கை, நெல் உமி, சிறு நீர்மின் திட்டங்கள் ஆகியவற்றில் முதலீடு வந்தது. சூத்திரம் அப்படியே ஓடியதால் 2003-04இல் விலை ஏறத்தாழ மூன்றரை ரூபாயை எட்டியது.

இதற்கிடையே வாங்குபவரே மாறிவிட்டார். உலக வங்கிக் கடனோடு வந்த சீர்திருத்தச் சட்டத்தின்படி 1999 பிப்ரவரியில் ஆந்திர மின்வாரியம் உற்பத்தி நிறுவனமாகவும் மின்கடத்து நிறுவனமாகவும் பிரிந்தது. 2000 ஏப்ரலில் நான்கு பகிர்மான நிறுவனங்கள் பிறந்தன. அவற்றுள் ஒன்று திருப்பதியில். அதே ஆண்டு ஆகஸ்டில் மின்கட்டண உயர்வை எதிர்த்து ஹைதராபாத் பஷீர்பாகில் நடந்த போராட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மின்கட்டணத்தை உயர்த்துவதன் அரசியல் விலை என்ன என்பதை ஆந்திரக் கட்சிகள் அனைத்தும் அன்று கற்றன. பகிர்மான நிறுவனம் தன் செலவைப் பயனாளரிடம் வசூலிக்க முடியாது. அப்படியானால் விற்பவரிடம்தான் குறைக்க வேண்டும்.

2004 மார்ச்சில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மரபுசாரா மின்சாரத்தின் விலையை மறுநிர்ணயம் செய்தது. விலை குறைந்தது. உற்பத்தியாளர்கள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சென்றார்கள். 2006இல் அங்கே வென்றார்கள். 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. விலையை நிர்ணயிக்கவும் மறுபரிசீலனை செய்யவும் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு என்று கூறி, புதிதாக விசாரிக்க ஆணையத்திடமே திருப்பி அனுப்பியது. சாய் ரின்யூவபிள் வழக்கு என்று சட்ட மாணவர்கள் அறிவது இதுவே. 2019 ஆந்திர நிகழ்வுகளைப் பற்றி எழுதுவோர் பலர் அவற்றை ஒரு முதலமைச்சரின் திடீர் முடிவாக வருணிக்கின்றனர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, வேறொரு ஆட்சியில், வேறு எரிபொருளில் இதே நாடகம் ஒருமுறை அரங்கேறிவிட்டது.

2004இல் நிகழ்ந்த மற்றொன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். மே 14 அன்று பதவியேற்ற ஒய். எஸ். ராஜசேகர ரெட்டி, விவசாயத்திற்கு இலவச மின்சாரம் வழங்கும் கோப்பில் முதற்கையொப்பமிட்டார். சித்தூர் விவசாயிக்கு அது ஆடம்பரம் ஆகாது. நிலையான ஆற்றுப் பாசனம் இல்லாத மாவட்டம் அது. ஏரிகள் தூர்ந்த பிறகு நிலக்கடலையும் கரும்பும் மாவும் ஆழ்துளைக் கிணற்றை நம்பி நிற்கின்றன. நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரின் குதிரைத்திறன் கூடுகிறது. கிணறு வற்றினால் அடுத்த கிணற்றுக்குக் கடன். அந்த மோட்டாருக்கான மின்சாரத்தின் விலையை மாநில அரசு மானியமாகப் பகிர்மான நிறுவனத்திற்குத் தர வேண்டும். அரசு தாமதித்தால் நிறுவனத்தின் கையில் பணமில்லை. நிறுவனத்தின் கையில் பணமில்லை என்றால் காற்றாலைக்காரரின் பட்டியல் மேசையிலேயே கிடக்கும். பலமனேரி வட்டத்துக் கிணற்றுக்கும் அனந்தபுரத்துக் காற்றாலைக்கும் இடையிலான கணக்குத் தொடர்பு இதுதான். இடையில் நிற்பது திருச்சானூர் சாலை.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை இன்னும் தெளிவாகும். தூத்துக்குடி அருகே 1986இல் மாதிரிக் காற்றாலைப் பண்ணை அமைந்தது. 1990களில் முப்பந்தலும் பின்னர் பல்லடம், உடுமலைப் பகுதிகளும் நிறைந்தன. ஆனால் அங்கே முதலிட்டவர்களுள் பெரும்பங்கினர் நூற்பாலை உரிமையாளர்கள். தேய்மானச் சலுகையால் வரி குறைந்தது; ஆக்கிய மின்சாரம் வாரியத்தின் கம்பி வழியே தம் ஆலைக்கே வந்தது; ஆடிக் காற்றில் மிகுந்ததை வாரியத்திடம் இருப்பு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. வாரியத்திற்கு விற்றவர்கள் அங்கும் பணத்துக்குக் காத்திருந்தார்கள் என்பது உண்மை. ஆயினும் தானே ஆக்கித் தானே நுகரும் ஆலைக்காரரின் நிலை ஒருவகையில் திருமலைச் சமையற்கூடத்தின் நிலையை ஒத்தது. ராயலசீமையில் அத்தகைய ஆலைத்திரள் இல்லை. அங்கே வந்த முதலீடு நேராக விற்பனையை நம்பி வந்தது, வாங்குபவரோ ஒருவரே.

2014 ஜூன் 2 மாநிலப் பிரிவினை இந்த ஒற்றை வாங்குபவரின் சுமையைப் பலமடங்காக்கியது. அதுவரை ஹைதராபாதைத் தலைமையகமாகக் கொண்ட மத்திய பகிர்மான நிறுவனத்தின் கீழிருந்த அனந்தபுரமும் கர்நூலும் திருப்பதி நிறுவனத்தோடு சேர்க்கப்பட்டன. ஹைதராபாதின் தொழிற்சாலைகளும் வணிக வளாகங்களும் தந்த வருமானம் தெலங்கானாவில் நின்றுவிட்டது. காற்று மிகுந்த, வெயில் மிகுந்த, ஆனால் பணம் கட்டும் பயனாளர் குறைந்த இரு மாவட்டங்கள் திருப்பதிக்கு வந்தன. (2020இல் கிருஷ்ணா, குண்டூர், பிரகாசம் மாவட்டங்கள் விஜயவாடா நிறுவனத்திற்குப் போனபோது எஞ்சிய வலுவும் குறைந்தது. நிர்வாக வரைபடத்தை மாற்றுகிறவர்கள் கடன் பத்திரங்களைப் புரட்டிப் பார்ப்பதில்லை.)

இந்த நிலையில்தான் 2015இன் சூரிய, காற்றுக் கொள்கைகள் வந்தன. ஆணையம் காற்று மின்சாரத்திற்கு ஏறத்தாழ 4.84 ரூபாய் என்று, ஏலமின்றி, விலை நிர்ணயித்தது. 2014 மார்ச்சில் 750 மெகாவாட் அளவில் இருந்த ஆந்திரக் காற்றாலைத் திறன் ஐந்தே ஆண்டுகளில் நான்காயிரத்தைக் கடந்தது. 2016-17இல் மட்டும் இரண்டாயிரம் மெகாவாட்டுக்கு மேல் சேர்ந்தது. அவ்வாண்டு நாட்டில் முதலிடம். கர்நூல் அருகே 1,000 மெகாவாட் சூரியப் பூங்கா எழுந்தது.

அதே காலத்தில் உலகச் சந்தையில் சூரியத் தகடுகளின் விலை சரிந்துகொண்டிருந்தது. கொள்கை வகுத்தவர்கள் இதை அறியாதவர்களல்லர். ஆனால் அதன் வேகத்தை யாரும் சரியாகக் கணிக்கவில்லை. 2015 நவம்பரில் கர்நூல் பகுதித் திட்டம் ஒன்றிற்கு யூனிட் 4.63 ரூபாய் என்ற ஏலவிலை வந்தபோது அது நம்பமுடியாத மலிவு என்று பேசப்பட்டது. 2017 ஏப்ரலில் கடப்பைப் பூங்காவில் 3.15. அடுத்த மாதமே ராஜஸ்தானின் பட்லாவில் 2.44. அவ்வாண்டு டிசம்பரில் குஜராத் காற்றுமின் ஏலத்தில் 2.43. திருப்பதி நிறுவனமோ 2015, 2016இல் கையொப்பமிட்ட விலையை 2040 வரை தர வேண்டியவராக இருந்தது.

2019 மே இறுதியில் ஜெகன்மோகன் ரெட்டியின் அரசு பதவியேற்றது. ஜூலை 1 அன்று வந்த அரசாணை 63, காற்று, சூரிய ஒப்பந்தங்களின் விலையைக் குறைத்துப் பேச உயர்மட்டக் குழு ஒன்றை அமைத்தது. ஜூலை 12 அன்று திருப்பதி நிறுவனத்திலிருந்து உற்பத்தியாளர்களுக்குக் கடிதங்கள் சென்றன: காற்றுக்கு 2.43, சூரியனுக்கு 2.44 என விலையைக் குறைத்துக்கொள்க. தவறினால் ஒப்பந்தம் நீக்கப்படும். அந்த இரு எண்களும் எங்கிருந்து வந்தவை என்பது முன் பத்தியைப் படித்தவருக்குத் தெரியும்.

முன்பு போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பார்க்கலாம். 16.5 லட்சம் யூனிட்டை 2.44க்கு விற்றால் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 40 லட்சம். மூன்றரைக் கோடிக் கடனுக்குப் பதினொரு சதவீத வட்டி மட்டுமே 38.5 லட்சம். அசலைத் திருப்பவும் ஊழியருக்குச் சம்பளம் தரவும் எஞ்சுவது ஒன்றரை லட்சத்துச் சொச்சம். பட்லாவில் அந்த விலை கட்டுப்படியானதற்குக் காரணங்கள் உண்டு: நிலமும் மின்கடத்து வசதியும் ஆயத்தமாயிருந்த பூங்கா, மிகுதியான வெயில், 2017இன் தகட்டு விலை. 2015இல் வாங்கிப் பொருத்திய தகடு பின்னாளின் விலைச் சரிவால் மலிவாகிவிடுவதில்லை.

அரசுத் தரப்பில் நியாயமே இல்லை என்பதும் சரியாகாது. ஏலமின்றி நிர்ணயிக்கப்பட்ட விலை உயர்வானது என்பதைப் பகிர்மான நிறுவனங்கள் முந்தைய ஆட்சியிலேயே ஆணையத்தின் முன் எழுப்பியிருந்தன. சட்டப்படி வாங்க வேண்டிய பங்கைவிட மிகுதியான புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை வாங்கியதால் வந்த சுமையும் உண்மையானதே. விலை வீழ்ச்சியின் பயன் ஏழை மாநிலத்தின் மின்நுகர்வோருக்கு ஏன் போகக்கூடாது என்ற கேள்வி அறம் சார்ந்ததுதான். ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பிய விதம் அதன் பயனை அழித்துவிட்டது. புதிய ஒப்பந்தங்களை ஏலத்தில் விட்டிருந்தால் விலை வீழ்ச்சி தானாகவே வந்து சேர்ந்திருக்கும். பழையவற்றைத் தொட்டதால் புதியவற்றிற்கு வர வேண்டிய மலிவான கடன் தயங்கி நின்றது. ஸ்பெயின் 2010 முதல் 2013 வரை தன் சூரிய உற்பத்தியாளர்களுக்கு அளித்த விலையைப் பின்னோக்கிக் குறைத்துப் பன்னாட்டு நடுவர் மன்றங்களில் பல ஆண்டுகள் அலைந்ததும், மகாராஷ்டிரம் 1995இல் தபோல் ஒப்பந்தத்தை நீக்கி மீண்டும் பேசி 2001இல் நிலையமே நின்றுபோனதும் அமராவதிக்குத் தெரியாத செய்திகள் அல்ல.

விளைவுகள் விரைவாகவே வந்தன. 5,200 மெகாவாட் திறனும் அதற்கான 21,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடனும் இடருக்குள்ளாயின என்று கிரிசில் மதிப்பிட்டது. மத்திய மின்துறை அமைச்சர் ஆர். கே. சிங் மாநிலத்திற்குக் கடிதம் எழுதினார். ஜப்பானியத் தூதரும் எழுதினார். உற்பத்தியாளர்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். ஜூலையிலேயே இடைக்காலத் தடை கிடைத்தது. செப்டம்பர் 24 அன்று தனி நீதிபதி அரசாணையையும் கடிதங்களையும் நீக்கினார். ஆயினும் விலைப் பிரச்சினையை ஆணையத்திடம் அனுப்பி, அதுவரை 2.43, 2.44 என்ற அதே இடைக்கால விலையில் பணம் தரப் பணித்தார். அரசு தோற்ற வழக்கில் அரசு கேட்ட விலை நிலைத்துவிட்டது. இடைக்காலம் இரண்டரை ஆண்டு நீடித்தது.

2022 மார்ச் 15 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அந்த ஏற்பாட்டை நீக்கி, ஒப்பந்த விலையில் நிலுவையை ஆறு வாரங்களில் தருமாறு உத்தரவிட்டது. ஜூனில் மத்திய அரசு, பகிர்மான நிறுவனங்களின் பழைய பாக்கிகளை மாதத் தவணைகளில் தீர்க்க வழிசெய்யும் விதிகளை வெளியிட்டது. ஆக, மாநிலம் எதைக் குறைக்க முயன்றதோ அதை முழுமையாகத் தர வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் புதுத் திட்டங்கள் பெரும்பாலும் குஜராத்திற்கும் ராஜஸ்தானுக்கும் போயின.

ராஜஸ்தான் இங்கே இன்னொரு வகையிலும் வருகிறது. விவசாயத்திற்குப் பகலில் ஒன்பது மணிநேர இலவச மின்சாரம் என்ற வாக்குறுதியை நிறைவேற்ற, 2021 டிசம்பர் 1 அன்று ஆந்திரம் இந்திய சூரிய ஆற்றல் கழகத்தோடு 7,000 மெகாவாட்டுக்கு, யூனிட் 2.49 ரூபாய் விலையில் ஒப்பந்தம் செய்தது. மின்நிலையங்கள் அமையும் இடம் ராஜஸ்தான். நாட்டின் மிகச் சிறந்த வெயில் நிலங்களுள் ஒன்றைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் பகிர்மான நிறுவனம், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வெயிலை வாங்க ஒப்புக்கொண்டது. இந்த முறை உற்பத்தியாளருக்குப் பணம் தருவதாக உறுதியளித்தது மத்திய அரசின் கழகம் என்பதை மறக்கக்கூடாது. விலைக் குறைவில் அதற்கும் ஒரு பங்குண்டு. இவ்வொப்பந்தத்தைச் சுற்றிப் பின்னர் அமெரிக்க நீதிமன்றம்வரை சென்ற குற்றச்சாட்டுகளும், தொடர்புடைய குழுமத்தின் மறுப்பும் தனியாக எழுதப்பட வேண்டியவை.

2024 ஜூனில் ஆட்சி மீண்டும் மாறியது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான ஒருங்கிணைந்த தூய ஆற்றல் கொள்கை பத்து லட்சம் கோடி ரூபாய் முதலீட்டையும் 160 கிகாவாட்டுக்கு மேற்பட்ட திறனையும் இலக்காக அறிவித்தது. அந்தக் கொள்கை ஆவணத்தை 2015இன் ஆவணங்களோடு அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வாளர், சலுகைகளின் பட்டியல் எவ்வாறு நீண்டது என்பதைக் காட்டிலும் வாங்குபவர் பணம் தரத் தவறினால் என்ன நடக்கும் என்ற பகுதி எவ்வளவு வளர்ந்தது என்று பார்ப்பது பயனுடையது.

திருப்பதிக்கு வெளியே கரகம்பாடியில் நாட்டின் பெரும் மின்கல உற்பத்தியாளர்களுள் ஒன்றான அமரராஜாவின் ஆலை 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய நிறுவன வளர்ச்சியின் சாட்சியாக நிற்கிறது. மின்கலச் சேமிப்பு மலிவாகும்போது தானே ஆக்கித் தானே நுகர்வோர் பெருகுவர். ஒற்றை வாங்குபவரின் பிடி தளரும் என்று பொருளியலாளர் சிலர் எதிர்பார்க்கிறார்கள். சித்தூரின் மாம்பழக்கூழ் ஆலைகளும் பால் பதனிடும் நிலையங்களும் கூரைமேல் தகடு பொருத்தினால் அது கோயம்புத்தூர் நூற்பாலைகள் முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த வழியே ஆகும். ஆனால் பகல் மின்சாரத்திற்கு முழு விலை கட்டும் அத்தகைய பயனாளர்கள் விலகிக்கொண்டால், கிணற்று மோட்டாரின் செலவில் அவர்கள் இதுவரை மறைமுகமாக ஏற்றுவந்த பங்கை யார் ஏற்பது என்பது ஆணையத்தின் முன் ஆண்டுதோறும் வரும் கேள்வியாகிவிடும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக்கூரைச் சூரியத் திட்டத்தில் மூன்று கிலோவாட் வரையிலான அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. திருப்பதியின் மாடிவீட்டுக்காரர் ஒருவர் தகடு பொருத்தி, மிகுதி மின்சாரத்தைக் கம்பியில் ஏற்ற விரும்பினால் அவரும் ஒரு நீண்டகால ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். அதன் மறுபக்கத்தில் இருப்பதும் திருச்சானூர் சாலை அலுவலகத்தின் முத்திரைதான்.